நாய்களுக்குப் பதில் அத்தைமார்

என் தம்பி மகன் கீகன் தொலைக்காட்சியில் விழுந்த அன்று எங்கள் ஊரே விளையாட்டுக் கூடத்தில் கூடியிருந்தது. சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி அதில் படம் தெரிகிற மாதிரி செய்திருந்தார்கள். பொரித்த ரொட்டி, மீன் சூப், காப்பி எல்லாம் தயார். படகை விட்டால் வேறு வழியில்லாத கெல்ப் பே என்ற எங்கள் ஊரிலிருந்து ஒரு பையன் சம்பளம் வாங்கிக்கொண்டு கூடைப்பந்து ஆடப் போகிறான் என்றால் சும்மாவா? மீன் பிடிக்கப் போக வேண்டியவர்கள்கூடப் படகைக் கட்டிப்போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

பிரின்ஸ் ஜார்ஜ் டிம்பர்ஸ் அணியின் முதல் ஆட்டம் அது. பாதி ஆட்டம் முடிந்த பிறகுதான் கோச் அவனை இறக்கினார். இறங்கிய வேகத்திலேயே எதிரியின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடினான். முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. தனியாக ஓடி வளையத்துக்குள் பந்தைப் போட வேண்டியதுதான் பாக்கி. எங்கள் ஊர்ச் சின்னக் குழந்தைகள்கூடப் போட்டுவிடும்.

அவன் கால் அவன் காலையே தட்டியது. பந்து ஒரு பக்கம் போயிற்று, அவன் ஒரு பக்கம் போனான். பளபளத்த மரத்தரையில் வழுக்கிக்கொண்டே போய், கோட்டுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்த பீவர் வேஷக்காரனின் காலை வாரினான்; மரம் கடிக்கும் அந்தப் பிராணிதான் அணியின் சின்னம். அந்தப் பெரிய பஞ்சு வாலோடு பீவர் அவன் தலைமேல் விழுந்தது. அரங்கம் முழுவதும் சிரித்தது. வர்ணனையாளர் சிரித்த சிரிப்பில் பேச முடியாமல் இருமினார். அதைத் திருப்பித் திருப்பி, இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் காட்டினார்கள்.

எங்கள் கூடத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. என் அக்கா டோரீன் மட்டும் எழுந்து நின்றாள்.

"துண்டு எங்கடி இருக்கு?" என்றாள்.

எங்கள் கரையோரப் பழங்குடியில் பிள்ளை அம்மாவின் குலம். கீகனும் அவன் அம்மா லொரேட்டாவும் கொலைத் திமிங்கலக் குலம். அவன் அப்பா ராண்டி, டோரீன், நான் ஆகிய மூவரும் கழுகுக் குலம். ஒருவன் ஊரார் முன்னால் விழுந்துவிட்டால் அவனைத் தூக்கித் துடைக்க வேண்டியது அப்பா வழி அத்தைமார். அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லிக் கை நிறையக் கொடுக்க வேண்டியது தாய்மாமன். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும், அவர்கள் சாட்சி. கொடுத்து முடித்துவிட்டால் விழுந்த பேச்சு அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகும் யாராவது அதைக் கிளறினால் வெட்கம் கிளறியவனுக்கு.

துறைமுகப் பலகையில் வழுக்கி ராண்டி கடலில் விழுந்தபோது, அவன் கரையேறி மூச்சு வாங்குவதற்குள் எங்கள் அத்தைமார் கம்பளியோடு நின்றார்கள். அன்று மாலையே டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக் கதையை முடித்தாயிற்று. இது அப்படி முடிகிற சமாச்சாரமாகத் தெரியவில்லை. கீகன் விழுந்ததை நாடே பார்த்துவிட்டது. போதாததற்கு யாரோ ஒரு வேலையற்றவன் அதற்குப் பாட்டு வேறு போட்டு ஊர் ஊராகப் பரப்பிக்கொண்டிருந்தான்.

கீகன் தவழப் பழகியதே கூடத்துத் தரையில்தான். நானும் லொரேட்டாவும் பந்து ஆடும்போது அவனைத் துணிக்கூடைக்குள் உட்காரவைத்து ஓரத்தில் வைத்திருப்போம். உருண்டையாக உட்கார்ந்திருப்பான், அதனால் ஊரில் அவனுக்கு 'உருளை' என்றே பேர். இன்றைக்கு நிலைப்படியில் குனிந்து வருகிறான், இன்னும் உருளைதான். கூடத்தில் இடம் கிடைக்காத நாட்களில், துறைமுகச் சுவரில் நண்டுக் கூண்டின் வளையத்தை ஆணியடித்து வைத்து, மீன் வலை மிதவையை அதற்குள் எறிந்துகொண்டிருப்பான். மிதவை கடலுக்குள் போனால் இவனும் பின்னாலேயே குதிப்பான். லொரேட்டா அடித்தும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

உயர்நிலைப் பள்ளிக்குப் பக்கத்து நகரமான ரூபர்ட்டில் டோரீன் வீட்டில் தங்கினான். அவள் குளிர்பெட்டியை வாரம் தவறாமல் காலி செய்தான். பிப்ரவரியில் கரையோர ஊர்களெல்லாம் கூடி ஆடும் போட்டியில் எங்கள் ஊருக்காக ஆடினான். அந்த வருஷம்தான் அவன் மாமா ஏர்ல் விருந்து வைத்து, தன் மாமாவின் பேரை அவனுக்குச் சூட்டினார். பெரிய பேர் அது, லேசில் கொடுத்துவிட மாட்டார்கள். பிறகு பிரின்ஸ் ஜார்ஜ் பல்கலைக்கழகம். கோடைக்கால லீக்கில் ஒவ்வொரு அணியும் பல்கலைக்கழகப் பையன்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி. டிம்பர்ஸ் அணி கீகனையும் மார்கஸ் என்று டொராண்டோ பக்கத்துப் பையன் ஒருவனையும் எடுத்துக்கொண்டது. இரண்டு பேரையும் கொஞ்ச நாள் ஆடவிட்டு, ஒருவனைத்தான் வைத்துக்கொள்வார்கள்.

விழுந்த பிறகு வந்த ஆட்டங்களையும் தொலைக்காட்சியில் பார்த்தேன். பந்து கைக்கு வரும், உடனே அடுத்தவனுக்குத் தள்ளிவிடுவான். வழி திறந்து கிடக்கும், போக மாட்டான். தரையை விட்டு ஒரு சாண் எழும்பவில்லை. என் ரத்தம் கொதித்தது. தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"என்னடா ஆட்டம் ஆடுற? காலுக்குக் கீழ பசை தடவி விட்டாங்களா?"

"அத்தை, கோச் பாஸ் பண்ணத்தான் சொல்றாரு."

"எங்கிட்டயே கதை விடுறியா? நான் ஆடாத ஆட்டமாடா இது?"

அவன் குரல் இறங்கி வந்தது.

"பந்து கையில வந்ததும் கால் கனக்குது அத்தை. எல்லாரும் எப்ப விழுவேன்னு காத்திருக்காங்களோன்னு தோணுது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு அப்புறம் முடிவு சொல்றேன்னுட்டார் கோச். மார்கஸ் நல்லா ஆடுறான். பையைக் கட்டி வச்சிட்டேன்."

"அவிழ்த்து வை. நாங்க வரோம். உன்னைத் துடைக்கணும்."

"ஐயோ அத்தை, வேண்டாம். இங்க யாருக்கும் அது தெரியாது."

"தெரியாதவங்க சிரிச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. தெரிஞ்ச நீதானடா காலைத் தூக்க முடியாம நிக்கிற?"



சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தாய்மாமன் இல்லாமல் துடைக்க முடியாது. தாய்மாமன் ஏர்ல். அவரும் நானும் பேசிப் பல வருஷம் ஆயிற்று.

காரணத்தைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். பிப்ரவரிப் போட்டியின் பெண்கள் இறுதி ஆட்டம். நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருக்கிறோம். நடுவராக வர வேண்டியவர் பனியில் மாட்டிக்கொண்டதால் ஏர்ல் விசிலை எடுத்தார். சொந்த ஊர் ஆட்டத்துக்கு விசில் ஊதுகிறவன், எங்கே ஒருபக்கம் சாய்ந்தான் என்று சொல்லிவிடுவார்களோ என்று மறுபக்கம் சாய்ந்துதானே நிற்பான்? நான் எதிரிப் பெண்ணின் பந்தைத்தான் தட்டினேன். சுத்தமாகப் பந்தை. ஏர்ல் ஊதினார். எனக்கு அது ஐந்தாவது ஃபவுல், வெளியே போய் உட்கார வேண்டியதுதான். அந்தப் பெண் இலவச வீச்சு இரண்டையும் போட்டாள். நாங்கள் தோற்றோம். அன்றிலிருந்து அந்த ஆளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஆனாலும் துறைமுகத்துக்குப் போனேன், ஆட்டம் பார்க்க ரூபர்ட்டிலிருந்து வந்து தங்கியிருந்த டோரீனையும் கூட்டிக்கொண்டு. ஏர்ல் படகு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றேன் டோரீனிடம், "அந்த ஆளோட மருமகன் கீழ விழுந்து கிடக்கிறான், நினைவிருக்கான்னு கேளு."

ஏர்ல் தலையை வெளியே எடுக்காமலே பேசினார். "டோரீன், இலையுதிர்காலம் வரட்டும். ஊருக்குச் சாப்பாடு போட்டு முறையா செய்றேன்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லு."

"இலையுதிர்காலத்துல அவன் ஏதாவது கடையில பெட்டி அடுக்கிட்டிருப்பான்னு சொல்லு அக்கா. அவர் மாமா பேரு பீவர் காலடியில கிடக்குதுன்னும் சொல்லு."

எஞ்சினுக்குள் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அந்தச் சொல் உள்ளே இறங்கிவிட்டது என்று தெரிந்தது. ஏர்ல் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே டோரீனைப் பார்த்தார்.

"நீ மட்டும் வந்தா போதாதா?"

"ஒரு கையை நான் பிடிப்பேன். இன்னொரு கையை உன் நாய் பிடிக்குமா?" என்றாள் டோரீன்.

ஊரார் முன்னால் என் பேரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டுமே, அதுதான் அவருக்குத் தொண்டையில் முள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ராண்டியும் லொரேட்டாவும் மீன்பிடியில் நடுக்கடலில் இருந்தார்கள். அதனால் நாங்கள் மூவர்தான் கிளம்பினோம். ரூபர்ட் வரை படகு, அங்கிருந்து டோரீனின் வேன், நாள் முழுக்க ஓட்டம். ஏர்ல் பின்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கினார்: கம்பளிகள், புட்டியில் அடைத்த சால்மன், உலர்ந்த மீன், ஊலிக்கன் என்ற சின்ன மீனை உருக்கி எடுத்த நெய். பிறகு வந்து உட்கார்ந்தார் பாருங்கள், அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு! கறுப்பு ஜாக்கெட், முதுகில் கொலைத் திமிங்கலம், அதன் கீழே 'நடுவர்' என்ற எழுத்து, அந்தப் பாழாய்ப்போன வருஷம். என்னைச் சீண்டுவதற்கென்றே போட்டிருக்கிறார்.

"அக்கா, வேன்ல நாத்தம் அடிக்குதுன்னு சொல்லு."

"அது நெய், டோரீன். நெய் வாசம் தெரியாதவங்களுக்கு ஆட்டமும் தெரியாதுன்னு சொல்லு."

"ரெண்டு பேரையும் மலையில இறக்கி விட்டுட்டு நான் மட்டும் போயிடுவேன்," என்றாள் டோரீன். அதற்குப் பிறகு வானொலி மட்டும் பேசியது.

அரங்கத்தில் எங்களை உள்ளே விட்டது மனீத் என்ற சின்னப் பெண். ஆட்டத்தின் இடைவேளையில் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டுவதை ஏற்பாடு செய்வது அவள் வேலை. காதில் ஒரு கருவி, கையில் ஒரு கருவி, முகத்தில் அழுகை.

"நாய்கள் வரல," என்றாள், நாங்கள்தான் நாய்க்காரர்களோ என்ற ஆசையில். "தட்டு வீசினா எகிறிப் பிடிக்கிற நாய்கள். அவங்க வண்டி வழியில நின்னு போச்சாம். இடைவேளைக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. நீங்க யாரு?"

டோரீன் விஷயத்தைச் சொன்னாள். விழுந்ததை யார் பார்த்தார்களோ அவர்கள் முன்னாலேயே துடைக்க வேண்டும், வாகனம் நிறுத்துமிடத்தில் செய்தால் செல்லாது என்பதையும் சொன்னாள். மனீத்தின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது.

"எவ்வளவு நேரம் வேணும் அங்கிள்?"

"சுருக்கமா பேசினா ரெண்டு மணி நேரம்," என்றார் ஏர்ல்.

"நாலு நிமிஷம் தரேன்."

ஏர்ல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

கோச் ராட்கோவிடம்தான் கஷ்டம். பனைமரம் மாதிரி உயரம், சிரித்தே அறியாத முகம். கீகனும் பக்கத்தில் நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் காது சிவந்துவிட்டது.

"இந்தப் பையனைப் பார்த்து ஊரே ஒரு தடவை சிரிச்சாச்சு," என்றார் கோச். "நடு ஆட்டத்துல கூட்டிட்டுப் போய் மறுபடியும் சிரிக்க வைக்கணுமா?"

கெட்ட மனுஷர் இல்லை, அவனுக்காகத்தான் பேசுகிறார் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"சிரிச்சது அவன் மேல ஒட்டிக்கிட்டிருக்கு, சார். அதைத் துடைக்கத்தான் வந்திருக்கோம். துடைக்காம விட்டா, நீங்க அவனை எத்தனை ஆட்டத்துல இறக்கினாலும் தரையிலேயேதான் நிப்பான்."

கோச் என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "உனக்கு இது வேணுமா?"

கீகன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நாங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான், அவனும் எங்களோடு திரும்ப வேண்டியதுதான்.

"வேணும், கோச்," என்றான்.

முதல் பாதியில் கோச் அவனை இறக்கவே இல்லை. மார்கஸ்தான் ஆடினான். நன்றாகவே ஆடினான், அதையும் மறைப்பதற்கில்லை. இடைவேளை வந்தது. "அன்பர்களே, இன்று நாய்களுக்குப் பதிலாக கீகனின் அத்தைமார்!" என்று ஒலிபெருக்கி அறிவித்ததும் கூட்டம் கெக்கலி கொட்டிச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று நிமிர்ந்து நடந்தேன். இந்தத் தரையில் நடக்க எனக்கென்ன பயம்?

அவன் விழுந்த இடத்திலேயே, வளையத்துக்கு அடியில், அவனை உட்காரச் சொன்னோம். அங்கிருந்துதான் தூக்க வேண்டும். டோரீன் ஒரு கை, நான் ஒரு கை. தூக்கியபோது எங்கள் இரண்டு பேர் முழங்காலும் சடசடத்தது ஒலிவாங்கியில் கேட்டிருக்கும். உருளை இப்போது என்ன கனம்! புது வெள்ளைத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தோம், கைகளைத் துடைத்தோம், காலணியைக் கழற்றச் சொல்லிப் பாதங்களைத் துடைத்தோம். கூடையில் உட்காரவைத்து நான் துடைத்த அதே பாதங்கள், இப்போது படகு நீளம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்புச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. பார்த்தால் அவ்வளவு பெரிய அரங்கமும் பேசாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது பீவர் வந்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வாலை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றது.

"நானும்தாங்க விழுந்தேன்," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "வீட்ல என் பொண்ணுகூடக் கேலி பண்றா."

ஏர்ல் கையில் ஒலிவாங்கியோடு விழித்தார். "இவருக்கு அப்பா வழி அத்தைமார் யாரு?"

"பீவருக்கு யாரு இருக்கா? நாங்கதான்," என்று டோரீன் துண்டை எடுத்துப் பீவரின் பல்லைத் துடைத்தாள். நான் வாலைத் துடைத்தேன். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. இந்த முறை சிரித்த சிரிப்பு வேறு சிரிப்பு. கீகனும் சிரித்தான். விழுந்த நாளிலிருந்து அவன் பல்லை நான் பார்த்தது அப்போதுதான்.

ஏர்ல் பேச ஆரம்பித்தார். தன் குலம் எந்த ஆற்றின் வழியாக வந்தது என்பதில் தொடங்கினார். நான் கடிகாரத்தைக் காட்டினேன். ஆற்றைத் தாண்டிக் குதித்து, கீகனின் பேருக்கு வந்தார். அந்தப் பேரைச் சுமந்த தன் மாமா, புயலில் படகு கவிழ்ந்தும் கரை சேர்ந்தவர் என்றார். அந்தப் பேரைத் தூக்கி நிறுத்தியதற்குக் கழுகுக் குலத்து டோரீனுக்கு நன்றி என்று சொல்லி அவள் தோளில் கம்பளி போர்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார், மறுபடியும் செருமினார்.

"ஷார்லீனுக்கும்," என்றார்.

என் தோளில் என்ன போட்டார் தெரியுமா? சேவல் படம் போட்ட அடுப்படித் துணி. ஒரு கட்டு. அத்தனை பேர் முன்னால் வாங்கித்தானே ஆக வேண்டும்? வாங்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகையும் செய்தேன்.

சாட்சிகளுக்கும் கொடுத்தார். கோச்சுக்கு ஒரு புட்டி மீன் நெய், மனீத்துக்கு உலர்ந்த மீன், முன்வரிசைக்காரர்களுக்குச் சால்மன். யாரும் இல்லாத பீவருக்காகவும் அவரே எங்களுக்கு இன்னொரு சுற்றுக் கொடுத்தார். அந்தச் சுற்றிலும் எனக்குச் சேவல்தான். பெட்டிகள் காலி. மறுபடியும் ஆற்றுக்குத் திரும்பலாம் என்று வாயைத் திறந்தபோது நடுவர் விசில் ஊதினார். ஏர்ல் சொல்லைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு ஒதுங்கினார். விசிலுக்கு மட்டும் அந்த மனுஷர் அடங்குவார்.

கோச் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஒரு கணம் அவர் நிறம் மாறியது. மரியாதையாக மூடிக்கொண்டார்.

கடைசிக் கட்டத்தில் இந்த லீக்கில் ஒரு வேடிக்கை செய்வார்கள். கடிகாரத்தை அணைத்துவிட்டு ஓர் இலக்கு வைப்பார்கள். எந்த அணி முதலில் அந்தப் புள்ளியைத் தொடுகிறதோ அது வென்றது. ஆக, ஒவ்வொரு ஆட்டமும் பந்து வளையத்துக்குள் விழுந்துதான் முடியும். எதிரிக்கு இன்னும் ஒரு புள்ளி வேண்டும், எங்களுக்கு இரண்டு. எதிரி ஒருவன் பாய்ந்து வர, மார்கஸ் குறுக்கே கையை நீட்டினான். விசில். மார்கஸுக்கு ஐந்தாவது ஃபவுல்.

"அது பந்துடா! சுத்தமா பந்து!" என்று நான் நாற்காலிமேல் ஏறிக் கத்தினேன்.

"டோரீன், அது கைன்னு சொல்லு," என்றார் ஏர்ல்.

மார்கஸ் தலை குனிந்து வெளியே வந்தான். பாவம், அந்த வலி எனக்குத் தெரியும். கோச் பெஞ்சைப் பார்த்து விரலை நீட்டினார். கீகன் எழுந்தான். மார்கஸ் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி அனுப்பினான். நல்ல பையன்.

எதிரிக்கு இரண்டு இலவச வீச்சு. ஒன்று போனாலும் ஆட்டம் காலி. முதலாவது வளையத்தில் பட்டு வெளியே வந்தது. டோரீன் என் கையை நெரித்தாள். இரண்டாவது வளையத்தைச் சுற்றி வந்து, எட்டிப் பார்த்து, அதுவும் வெளியே விழுந்தது. விழுந்த பந்து கீகன் கையில்.

ஓடினான். முன்னால் ஈ காக்கை இல்லாமல் இருந்தது அந்த முதல் நாளில். இப்போது இரண்டு பேர் நின்றார்கள், இரண்டும் மலை. பக்கத்தில் அவன் கூட்டாளி கையைத் தூக்கிப் பந்து கேட்டான். நேற்றைய கீகன் என்றால் கொடுத்திருப்பான்.

"தூக்குடா காலை!" என்று ஒரு குரல் கேட்டது. கத்தியது நான்தான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஏர்ல், கழுத்து நரம்பு புடைக்க.

தூக்கினான். இரண்டு மலைக்கும் நடுவே எழும்பினான் பாருங்கள், மிதவைக்குப் பின்னால் கடலில் குதிப்பானே, அதே எழும்பல். பந்து பலகையில் பட்டு வளையத்துக்குள் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. அரங்கம் வெடித்தது. டோரீன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன்.

பந்து உள்ளே விழுந்த அதே வேகத்தில் கீகனும் கீழே விழுந்தான். மலை ஒன்றின் காலில் தடுக்கி, பின்பக்கம் தரையில் பட, வழுக்கிக்கொண்டே போய்ப் பீவரின் காலடியில் நின்றான். பீவர் இந்த முறை உஷாராகத் துள்ளி விலகியது.

நானும் டோரீனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"ஜெயிச்சிட்டு விழுந்தா கணக்குல வருமா?" என்றாள்.

"விழுந்தது விழுந்ததுதான் அக்கா. துண்டை எடு."

படிகளில் இறங்கி ஓடினோம். கூட்டம் எங்களைப் பார்த்ததும், "அத்தை! அத்தை!" என்று கூவி வழி விட்டது. சிரித்துச் சிரித்துத் தரையில் கிடந்தவனை அணிக்காரர்கள் தூக்கப் போனார்கள். "தொடாதீங்கடா, அது எங்க வேலை!" என்று விரட்டினேன். மார்கஸ் கையை எடுத்துக்கொண்டு பயந்து பின்வாங்கினான். நாங்கள் தூக்கினோம், துடைத்தோம்.

கோச் வந்தார். கீகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"திங்கட்கிழமை பயிற்சிக்கு நேரத்துக்கு வா. இந்தக் கோடை முழுக்க நீ இங்கதான்," என்றார். பிறகு எங்களிடம், "அவன் விழறப்பெல்லாம் இப்படித்தான் வருவீங்களா?"

"வராம?" என்றாள் டோரீன்.

அப்போதுதான் அந்த முகத்தில் சிரிப்பு வந்தது.

கீகன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "பையை அவிழ்க்கணும் அத்தை," என்றான்.

பின்னாலேயே ஏர்ல் மூச்சு வாங்க வந்து நின்றார். மறுபடியும் துடைத்தாயிற்று, மறுபடியும் கொடுக்க வேண்டும். வெறும் கையைப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். டோரீனுக்குத் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். என் முன்னால் வந்து நின்றார். கொடுக்க ஒன்றும் இல்லை. சுற்றியிருந்த கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

மெதுவாக ஜாக்கெட்டின் பித்தான்களைக் கழற்றினார். அந்தக் கறுப்பு ஜாக்கெட்டை என் தோளில் போர்த்தி, காலரை இழுத்துச் சரி செய்தார்.

"என் மருமகனை ரெண்டு தடவை தூக்கி நிறுத்தினது ஷார்லீன்," என்றார், ஒலிவாங்கி இல்லாமலே அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி. "அவங்களுக்கு எங்க குலம் நன்றி சொல்லுது."

ஒருமுறைகூட அவர் செருமவில்லை. இத்தனை வருஷத்து வயிற்றெரிச்சல் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. ஏதாவது நல்ல வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

ஏர்ல் என் காதருகே குனிந்தார்.

"ஆனா அன்னிக்கு நீ தட்டினது ஃபவுல்தான்," என்றார்.

ஊர் திரும்பும் வழி நெடுக அதற்காக அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன், நேருக்கு நேராக, டோரீனை நடுவில் இழுக்காமல். ஜாக்கெட்டை மட்டும் கழற்றவில்லை.